சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

சென்ற ஆண்டு சித்திரா பௌர்ணமிக்கு முதல் நாள் நான் லோயர் காம்ப்பில் ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்து, என் முழங்கால்களோடு சமாதானப் பேச்சு நடத்திக் கொண்டிருந்தேன். விடிந்ததும் பளியன்குடி வழியாக மலை ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணகி கோயிலைத் தரிசித்து விடுவது என்று ஊரில் இருந்தபோது சபதம் செய்திருந்தேன். ஊரில் இருந்துகொண்டு செய்கிற சபதத்துக்கும் அடிவாரத்தில் நின்று பார்க்கிற மலைக்கும் எப்போதுமே கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு.

அப்போது ஒரு வீடு வந்து கடை வாசலில் நின்றது.

வாசகர்கள் நான் அலங்காரமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு ஜீப்பின் பின்னால் கொக்கி மாட்டி, இரண்டு சக்கரங்களின் மேல் ஒரு சிறிய வீட்டை இழுத்து வந்திருந்தார்கள். அதற்குக் கதவு இருந்தது. திரை போட்ட ஜன்னல் இருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, தட்டு கழுவுகிற பீங்கான் எல்லாம் இருந்தன. கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞரும் அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் வாகமண் போய்க் கொண்டிருந்தார்கள். கேரள அரசாங்கம் 2021-ல் இப்படிப்பட்ட வண்டி வீடுகளுக்கென்றே ஒரு திட்டம் வகுத்து, மறு வருஷம் வாகமண்ணில் அவை தங்குவதற்கு ஓர் இடமும் திறந்தது அல்லவா? அங்கேதான் யாத்திரை.

ஆனால் இளைஞர் முகத்தில் யாத்திரைக் களை இல்லை. "தேனி தாண்டினதிலிருந்து பின்னால் வாலை ஆட்டுகிறது, சார். கொஞ்சம் வேகம் எடுத்தால் பாம்பு மாதிரி நெளிகிறது. இதை இழுத்துக்கொண்டு இந்த மலையில் எப்படி ஏறுவது?" என்றார்.

எனக்குத் தெரிந்த மோட்டார் சாஸ்திரம் டிக்கெட் வாங்குவதோடு சரி. பக்கத்து பெஞ்சில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போய் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு, "உள்ள பின்பக்கம் என்ன வச்சிருக்க தம்பி?" என்று கேட்டார்.

"தண்ணீர் கேன்கள், தாத்தா. காஸ் சிலிண்டர். அப்புறம் வீட்டம்மாவின் பாத்திர மூட்டை."

"அதான். பின்பாரம் கூடிப் போச்சு. எல்லாத்தையும் இருசுக்கு முன்னாடி தள்ளி வை. ரெண்டு சக்கர வண்டியில பாரம் பின்னால கிடந்தா நாட்டியம்தான் ஆடும்."

இழுவை வண்டிகளைச் செய்கிற மேல்நாட்டுக்காரர்கள் இதையே கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் வண்டி பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும் என்பது அவர்கள் விதி. பெரியவர் அந்தப் புத்தகங்களைப் படித்தவரல்லர். அவருடைய தகப்பனார் தேனிக்கும் கூடலூருக்கும் இடையே பார வண்டி ஓட்டியவர். பாட்டனாரும் அதே தொழில்தான். சாமான்கள் முன்னால் மாறுகிற அரை மணி நேரத்தில் அவர் சொன்னதும், பிறகு நான் புத்தகங்களில் தேடிப் படித்ததுமே இந்தக் கட்டுரை. கண்ணகி கோயிலுக்கு நான் போகவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போவது நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்த நாகரிகம் என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். உப்பு விற்கப் போகும் உமணர்களின் வண்டி அதில் வருகிறது. மேலே கூரை வேய்ந்திருக்கிறது. அதில் கோழிக்கூடு இருக்கிறது. உரலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊறுகாய்ப் பானைக்கும் உறி கட்டியிருக்கிறது. கையில் குழந்தையோடு ஒரு பெண்பிள்ளை முன்னால் உட்கார்ந்து மாட்டை ஓட்டுகிறாள். ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். மாற்று மாடுகளும் கூடவே வருகின்றன. இதைவிடப் பூர்த்தியான வண்டிக் குடித்தனத்தை இன்றைய விளம்பரப் படங்களில்கூட நான் பார்த்ததில்லை. பெண்பிள்ளை வண்டி ஓட்டுவதைப் புலவர் ஓர் அதிசயமாகச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

புறநானூற்றில் ஔவையார் இன்னொரு செய்தி தருகிறார். உமணர்கள் வண்டியின் அடியில் ஓர் உபரி அச்சையும் கட்டிக்கொண்டு போவார்களாம். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் கண்டது? 'சேம அச்சு' என்று அதற்குப் பெயர். ஸ்டெப்னி என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதற்கு ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ச் சொல் இருக்கிறது. ஓர் அரசனைப் புகழ வேண்டிய இடத்தில் ஔவைக்கு அந்தச் சேம அச்சுதான் உவமையாக ஞாபகம் வந்தது. வண்டி நடுவழியில் முறிந்து உட்கார்ந்த கஷ்டத்தைத் தெரிந்தவளுக்கே அப்படித் தோன்றும்.

கம்பம் பள்ளத்தாக்கைத் தேனியிலிருந்து பார்த்தால், மலைகள் இரண்டு கைகளையும் நீட்டி ஒரு நாட்டையே மடியில் வைத்துக் கொண்டிருப்பதுபோலத் தோன்றும். மேற்கே ஏலமலை; கிழக்கே மேகமலையும் வருஷநாட்டு மலையும். உள்ளே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஆற்றை ஒட்டி ஊர்கள். மலைக்கு அந்தப் பக்கம் திருவாங்கூர். அங்கே ஏலம் விளைந்தது, மிளகு விளைந்தது. அரிசிக்கும் உப்புக்கும் இந்தப் பக்கம்தான் வர வேண்டும். ஆகவே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எந்த இடத்தில் மலை கொஞ்சம் இளகிக் கொடுத்ததோ, அந்த இடத்திலெல்லாம் ஒரு வழி உண்டாயிற்று. வண்டிப் பாதை வருவதற்கு முன்னால் பொதிமாடுகள் அந்த வழிகளில் ஏறின. முதுகின் இரு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக, முன்மாட்டின் மணி ஓசையைக் கேட்டு நடந்தன. அதில் குடித்தனத்துக்கு இடமில்லை. மனிதனும் நடந்தான்; இரவில் பொதிகளை வட்டமாக அடுக்கி, நடுவில் தீ மூட்டிப் படுத்தான்.

வண்டி யுகம் என்பது ரஸ்தா யுகம். ரயில் வந்தால் வண்டி போய்விடும் என்று நினைப்போம். இந்தப் பக்கத்தில் நடந்தது நேர் விரோதம்! 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வழியாக மதுரைக்குப் போயிற்று. இப்போது கொடைக்கானல் ரோடு என்று பெயர் சொல்கிற அதே ஸ்டேஷன்தான். ரயில் அங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதை மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் கொண்டு சேர்க்கிற வேலை முழுவதும் மாட்டின் தலையில் விழுந்தது.

கொடைக்கானல் போகிற வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் பாதிரிமார்களும் அந்த ஸ்டேஷனில் இறங்கி, 'டிரான்ஸிட்' என்ற கூண்டு வண்டியில் ஏறுவார்கள். உள்ளே உட்காருவதற்கு ஆசனம் கிடையாது. வைக்கோல் பரப்பி அதன்மேல் மெத்தை. படுத்துக்கொண்டே இரவு முழுவதும் பிரயாணம். வழியில் சில மைலுக்கு ஒரு தரம் மாடு மாற்றுவார்கள். வத்தலக்குண்டு தாண்டி, பெரியகுளம் பக்கத்தில் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு விடியற்காலையில் போய்ச் சேரும். முப்பத்து மூன்று மைல் தூரம். அங்கிருந்து குதிரை அல்லது டோலி. அவர்களில் பலர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளில் குலுக்கல், கொசு, வண்டிக்காரன் தூங்கிப் போனது எல்லாம் தவறாமல் வரும். வண்டிக்காரன் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பது மட்டும் வராது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு டாக்டர். கப்பற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறவர். அவர் 1885-ல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் சொல்லித் தமக்கென்று ஒரு குதிரை வண்டி வீடு கட்டிக் கொண்டார். 'வாண்டரர்', அதாவது நாடோடி என்று பெயர். உள்ளே சமையலறை, புத்தக அலமாரி, சோபா. இரண்டு குதிரைகள் இழுத்தன. குறுகிய சாலைகளில் எதிரே வருகிறவர்களை எச்சரிக்க ஒரு வேலைக்காரன் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போனான். ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் வரையில் போய்வந்து, மறு வருஷம் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். உல்லாசத்துக்காகவே கட்டப்பட்ட முதல் வண்டி வீடு அது என்று மேல்நாட்டில் கொண்டாடுகிறார்கள்.

டாக்டரின் புத்தகம் வெளிவந்த அதே 1886-ல், அக்டோபர் 29-ந் தேதி, திருவாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசாங்கத்துக்கும் பெரியாற்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 999 வருஷக் குத்தகை. எண்ணாயிரம் ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வாடகை. மறு வருஷம் வேலை தொடங்கியது. பென்னிகுயிக் என்ற பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைகளுக்கும் தெரியும். அவர் பிறந்த ஜனவரி 15-ந் தேதி பொங்கலோடு சேர்ந்து வருவதால் பாலார்பட்டியில் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் காம்ப்பில் 2013-ல் மணிமண்டபமும் திறந்தார்கள். அது நியாயம்தான்.

ஆனால் அணை என்பது என்ன? நூற்றைம்பத்தைந்து அடி உயரத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும். அவையெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த விதம் என்ன? யந்திரங்கள் கப்பலில் வந்து, ரயிலில் வந்து, அம்மையநாயக்கனூரில் இறங்கின. அங்கிருந்து மலையுச்சிக்கு ஏறக்குறைய எண்பது மைல். அத்தனை தூரமும் மாட்டு வண்டி. பார வண்டி மணிக்கு இரண்டு மைல், நல்ல ரஸ்தாவில் இரண்டரை மைல் போகும். ஓர் இரவுக்குப் பதினைந்து மைல் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆறு இரவுகள். திரும்பி வர அதே கணக்கு. சுண்ணாம்புக் கல் கூடலூருக்கு அப்பால் குருவனூத்துப் பக்கம் வெட்டினார்கள். மலையேற்றத்துக்குக் கம்பி வழி ஒன்று போட்டு அதன்மேல் சாமான்களை அனுப்பினார்கள். மேலே போனபின் மறுபடியும் வண்டி, அதன் பிறகு ஆற்றில் படகு. காடோ காய்ச்சல் காடு. யானை இருந்தது, மலேரியா அதைவிடப் பெரிய யானையாக இருந்தது. 1895 அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்து வைத்தார். எஞ்சினியர்களின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்து போன டாக்டருடைய நாயின் பெயர்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. எட்டு வருஷம் வண்டி ஓட்டியவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

பெயர் போனாலும் வித்தை தங்கியிருக்கிறது. பெரியவர் தம் தகப்பனாரிடம் கற்றதைச் சொல்லச் சொல்ல, அந்த இளைஞர் கைப்பேசியில் குறித்துக்கொண்டே வந்தார். நான் பழைய வழக்கப்படி காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

வண்டிக்கு முதல் ஆகாரம் மை. வைக்கோலை எரித்துக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்க விடுவார்கள். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, இருசில் அந்த மையைத் தடவ வேண்டும். "அச்சு கத்துச்சுன்னா வண்டிக்காரன் சோம்பேறின்னு ஊருக்கே தெரிஞ்சு போகும்" என்றார் பெரியவர். கத்துகிற அச்சு காயும், காய்ந்தால் தேயும், தேய்ந்தால் நட்டாற்றில் விடும்.

இரண்டாவது, சக்கரம். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம்; சுற்றிலும் இரும்புப் பட்டை. பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாக அடித்து, வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சினால் அது விரிந்து கொடுக்கும். நாலு பேர் குறட்டால் தூக்கி வந்து சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே தண்ணீரைக் கொட்டுவார்கள். இரும்பு சுருங்கி, ஆரக்கால்களெல்லாம் 'கிறீச்' என்று முனகிக்கொண்டு குடத்துக்குள் இறுகும். ஓர் ஆணி வேண்டியதில்லை. ஆனால் கோடையில் மரம் உலர்ந்து போகும். பட்டை கழன்று தனியே உருண்டு ஓடுகிற காட்சி வேடிக்கையாக இருக்கலாம், வேறொருவர் வண்டியாக இருந்தால். அதற்கு மருந்து மிகச் சுலபம்: போகிற வழியில் குளம் கண்டால் வண்டியை உள்ளே இறக்கிச் சக்கரத்தை ஊற வைப்பது. மாடு குளிக்கும்போது சக்கரமும் குளித்தது. பங்குனி சித்திரையில் தண்ணீர் இல்லாத வழியில் பார வண்டி எடுக்க மாட்டார்களாம்.

மாட்டுக்கு லாடம். பிளந்த குளம்பு ஆகையால் காலுக்கு இரண்டு தகடு. ஒரு மாட்டுக்கு எட்டு, ஜோடிக்குப் பதினாறு. கயிற்றால் கட்டிச் சாய்த்து அடிப்பார்கள். பாதி வழியில் ஒரு தகடு விழுந்துவிட்டால் நொண்ட ஆரம்பிக்கும். தீனி பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, கொள்ளு, சோளத்தட்டை. வைக்கோலை மட்டும் தனியாக ஏற்றுவதில்லை. அதுதான் வண்டிக்காரருக்கு மெத்தை. போகும்போது உயர்ந்த மெத்தை. தினம் கொஞ்சம் மாட்டுக்கு உருவிப் போடப் போட, ஐந்தாம் நாள் இரவு பலகைதான். மெத்தையைத் தின்றுகொண்டே போகிற வாகனம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

வண்டிக்காரர்கள் பகலில் ஓட்டுவதில்லை. வெயில் தாழக் கட்டி, முதல் கோழிக்கு அவிழ்ப்பது முறை. இரும்புப் பட்டை ரஸ்தாவில் ஏற்கெனவே விழுந்திருக்கிற தடத்தைப் பிடித்துக்கொண்டுவிடும். பழகிய மாட்டுக்கு வழி தெரியும். இருசுக் கட்டையின் கீழே ராந்தல் ஆடும். முன் வண்டிக்காரர் மட்டும் விழித்திருக்க, பத்து வண்டிகள் வரிசையாகப் போகும். முறை வைத்து முன்னுக்கு வருவார்கள். தனி வண்டி புறப்படுவது கிடையாது. ஆண்டிபட்டிக் கணவாய் பக்கம் போகிற நாளில் இருட்டு முற்றுமுன் கணவாயைக் கடந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். முறிந்தால் தோள் கொடுக்க ஆள் வேண்டும், திருடன் வந்தால் குரல் கொடுக்க ஆள் வேண்டும் என்பதுதான் காரணம்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நுட்பம் இருக்கிறது. தண்ணீர் கிட்டத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஆற்று மணலுக்குள் இறங்கக் கூடாது, இரவில் மேலே மழை பெய்தால் கீழே வெள்ளம் சொல்லாமல் வரும். புளியமரத்தடியில் நிழல் உண்டு. படுக்க மாட்டார்கள், வேம்புக்கோ ஆலுக்கோ போவார்கள். முன்னால் முட்டுக்கட்டை கொடுத்து வண்டியைச் சமமாக நிறுத்திய பிறகே மாட்டை அவிழ்க்க வேண்டும். சாய்வான இடத்தில் நிறுத்தினால் இளைஞரின் அடுப்பில் தோசை ஒரு பக்கமாக ஓடுகிறதாம். அந்தக் காலத்தில் கஞ்சிப் பானை ஓடியது. மூன்று கல், ஒரு பானை. கம்பஞ்சோறு அல்லது அரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு. உப்பு, புளி, மிளகாய் மூன்றும் ஒரே சுரைக்குடுக்கையில். ஊர்களில் வண்டிப்பேட்டை இருந்தது. நெடுஞ்சாலைகளில் சாவடியும் சத்திரமும் கிணறும் சுமைதாங்கியும் இருந்தன. இந்தத் தர்மத்துக்கெல்லாம் நம் பக்கத்து ஜனங்கள் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வார்கள்: ராணி மங்கம்மாள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டவள். அவள் வெட்டாத ரஸ்தாவையும் அவள் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். நல்லது செய்தவர்களுக்கு இந்த மாதிரி வட்டியும் சேரும் போலிருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பரீட்சை குமுளி மலை. அடிவாரத்தில் உபரி ஜோடி மாடு வாடகைக்குக் கட்டுவார்கள். ஏற்றத்தில் பாரம் தானாகப் பின்னால் சாயும். நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். ஆகவே மூட்டைகளை முன்னுக்குத் தள்ளிக் கட்டி, வண்டிக்காரரும் ஏர்க்கால்மேல் முன்னுக்கு வந்து உட்காருவார். பின்னால் ஒரு பையன் கல்லை வைத்துக்கொண்டு நடப்பான். மாடு மூச்சு வாங்க நின்ற கணத்தில் சக்கரத்துக்குப் பின்னால் அந்தக் கல் விழ வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் வண்டியும் மாடும் பள்ளத்தில். எட்டு வயது, பத்து வயதுப் பையன்கள் அந்த வேலைக்குப் போனார்கள். பெரியவரின் தகப்பனாருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. "கல்லு வச்ச கை" என்று மட்டும் சொன்னார்.

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். பாரத்தைப் பின்னால் தள்ள வேண்டும். சக்கரத்தில் கட்டையைக் கயிற்றால் இறுக்கித் தேய்ந்துகொண்டே இறங்கச் செய்ய வேண்டும். கட்டை புகையும், மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே போவார்கள். கொண்டை ஊசி வளைவில் வெளிமாடு நன்றாக எட்டிப் போட வேண்டும், உள்மாடு நின்று சுழல வேண்டும். அதற்கு இரண்டும் வருஷக்கணக்கில் ஜோடியாகப் பழகியிருக்க வேண்டும். ஜோடியில் ஒன்று செத்தால் இன்னொன்றை விற்றுவிட்டுப் புது ஜோடி வாங்குவார்களே தவிர, புதிதாக ஒன்றைச் சேர்த்து மலைக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

போடிநாயக்கனூர்ப் பக்கம் வேறு விதம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் துரைகள் 1902-ல் டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று போட்டார்கள். அதையும் காளைகளே இழுத்தன! 1908-ல் இரட்டைத் தண்டவாளமும் நீராவி எஞ்சினும் வந்தன. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வழியாகக் கொட்டக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வரும். 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை ஒரேயடியாக வாரிக்கொண்டு போய்விட்டது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது; இரண்டாவது உலக யுத்தத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்; 1950-களில் திரும்பப் போட்டார்கள்; 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள்; 2023 ஜூனில்தான் மறுபடியும் போடிக்கு ரயில் வந்தது. இப்படி ரயில் வருவதும் போவதுமாக இருந்த வருஷங்களிலெல்லாம் சரக்கைச் சுமந்தது யார் என்று கேட்டால், முதலில் மாடு, பிறகு லாரி.

லாரி ஒரே நாளில் வண்டியை ஒழித்துவிடவில்லை. முதலில் தூரத்துச் சரக்கை எடுத்துக் கொண்டது. பக்கத்துச் சந்தைச் சரக்கு வண்டியிடம் கொஞ்ச காலம் இருந்தது. மரச் சக்கரம் போய் ரப்பர் டயர் வந்தது. பட்டை போடுகிற கொல்லரும் ஆரக்கால் இழைக்கிற தச்சரும் வேறு தொழில் தேடினார்கள். இன்று தேனிப் பக்கத்தில் வண்டி மாட்டைப் பார்க்க வேண்டுமானால் பந்தயத்துக்குப் போக வேண்டும். அல்லது கம்பத்தில் மாட்டுப் பொங்கலன்று தம்பிரான் மாட்டுத் தொழுவுக்குப் போக வேண்டும். மலைமாடு வளர்க்கிறவர்களின் பாடு கஷ்டமாகிவிட்டது. 2021-ல் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. மறு வருஷம் காட்டில் மாடு மேய்ப்பது பற்றி ஹைக்கோர்ட்டு தடை உத்தரவு போட்டு, பிறகு அதைக் காப்பகங்களுக்கும் சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் மட்டும் என்று திருத்தியது. புலிக்கும் இடம் வேண்டும், வாஸ்தவம். ஆனால் மாட்டுக்காரன் பட்டியை எங்கே கொண்டுபோய் அடைப்பான் என்பதற்கு எந்த உத்தரவிலும் ஒரு வரி இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மலைமேல் பிழைக்கப் போவது நிற்கவில்லை. அதிகாலையில் கம்பத்திலும் போடியிலும் நின்று பாருங்கள். ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் அதே வளைவுகளில் திரும்பி இறங்குவார்கள். அவர்கள் சாலையில் கழிக்கிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், வருஷத்துக்கு ஒருமுறை வாகமண் போகிறவர்களெல்லாம் பிரயாணிகள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவார்கள்.

சாமான்கள் முன்னால் மாறியாயிற்று. இளைஞர் ஜீப்பைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்தார். "ஆடவில்லை, தாத்தா!" என்றார். அவருடைய மனைவி பெரியவரை உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். குழாயைத் திருகித் தண்ணீர் வருவதைப் பார்த்தார். சின்னக் குழந்தையின் தொட்டிலை ஒரு முறை ஆட்டிவிட்டார்.

"மேல போறப்ப அணையைப் பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"படகில் போய் ஏரியைப் பார்ப்போம், தாத்தா. அணைவரைக்கும் விடமாட்டார்களாமே! நீங்கள் பார்த்ததுண்டா?"

"நான் பாத்ததில்ல தாயி. எங்க அப்பாவும் பாத்ததில்ல. தாத்தா அந்தக் கட்டுமானத்துக்கு நாலு வருசம் சுண்ணாம்புக் கல்லு அடிச்சாரு. குருவனூத்துல ஏத்தி, அடிவாரத்துல கம்பி வழிகிட்ட இறக்குவாங்க. அவரும் பாத்ததில்ல."

"நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட மேலே போய்ப் பார்க்கவில்லையா?"

"இறக்கின உடனே வண்டியத் திருப்பியாகணும்ல? பின்னால அடுத்த வண்டி நிக்குமே" என்று சொல்லிக்கொண்டே அவர் கீழே இறங்கிச் செருப்பைத் தேடினார்.